தைத்த வாய்

அக்டோபர் 12, ஞாயிறு

மில்லில் ஜனவரியில் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் பிரித்தேன். முக்கால்வாசித் தேதிகள் வீணாகப் போய்விட்டன. பரவாயில்லை. எங்கள் கணக்கில் அக்டோபர் கடைசி நாளோடுதான் வருஷம் முடிகிறது. முடியப்போகிற வருஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

முறைப்படி அறிமுகம். கோகிலவாணி, வயது நாற்பத்து நான்கு. நூற்பாலையில் நூலின் பலத்தைச் சோதிக்கும் லேபில் வேலை. கோயம்புத்தூர் கணபதியில், முல்லைவனம் அடுக்ககத்தில் மூன்றாவது மாடி, வாடகை வீடு. துணைக்கு யாரும் இல்லை, தேவையும் இல்லை. விக்கா வழியில் நடக்கிறவள்; இயற்கையைக் கும்பிட்டு, நிலாவைப் பார்த்து மந்திரம் செய்கிற சீமை மார்க்கம் அது. ஆங்கிலத்தில் விட்ச் என்றால் ஏதோ ஸ்டைலாகத்தான் இருக்கிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள், தெருவே கதவைச் சாத்தும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்பிள்ளை செய்தால் மந்திரவாதி, பெயருக்குப் பின்னால் ஐயா போட்டு பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டிக்கொள்கிறான். பெண்பிள்ளை செய்தால் சூனியக்காரி.

வாட்ச்மேன் மாரப்பன், பால்கனியில் மெழுகுவத்தி எதற்கு என்று கேட்டார். விக்கா என்றேன்.

"விக்கலுங்களா? சக்கரைய வாயில போட்டுத் தண்ணி குடிங்கம்மா, நின்னுரும்."

பன்னிரண்டு வருஷமாக நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். இட்லிக்கு ஊறப்போட வேண்டும்.

அக்டோபர் 15, புதன்

மாலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், நேர்கீழ் வீட்டுத் திலகமணி வந்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் லோகநாதனின் மனைவி. கணக்கில் பட்டம் வாங்கி பி.எட்.டும் முடித்துவிட்டு, வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருப்பவள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள், பேச மாட்டாள்.

"கோகிலாக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க என்னமோ பூசையெல்லாம் பண்றீங்களாமா. அவரு என்ற பேச்சக் கேக்கற மாதிரி எதாச்சும் பண்ணித் தர முடியுங்களா?"

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் அவளைக் கணக்கு டீச்சராக எடுத்துக்கொள்கிறார்களாம். நவம்பர் மூன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். வீட்டில் சொல்லத்தான் முடியவில்லை. வாயைத் திறப்பாளாம், லோகநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி 'என்ன?' என்று கேட்பாராம். உடனே தொண்டை அடைத்துக்கொண்டு, 'ஒண்ணுமில்லீங்க, காப்பி வேணுங்களா' என்றுதான் வருமாம்.

முடியாது என்று பட்டென்று சொன்னேன்.

"ஒருத்தர் மனச அவருக்குத் தெரியாம திருப்பறது எங்க வழியில பெரிய தப்பு திலகா. நல்லதுக்குன்னாலும் தப்புதான். அவரே வந்து கேட்டாத்தான் அவருக்குச் செய்யலாம்."

"அவரு எங்கீங்க்கா வந்து கேக்கப்போறாரு!"

"அப்ப உனக்கு வேணா செய்யறேன். ஆனா என்ன வேணும்னு நீயே உன் வாயால கேக்கணும்."

துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். கேட்டதே இல்லை போலிருக்கிறது. கடைசியில், "எனக்குப் பேச்சு வரணுங்க்கா" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இதை எழுதும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது. வேறு யாராவது இருந்தால் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துப் புருஷனை வசியம் பண்ணித் தருகிறேன் என்றிருப்பார்கள். எங்களுக்குச் சட்டம் சுருக்கம். யாருக்கும் கேடு வரக் கூடாது, அதற்குள் உன் இஷ்டம். செய்தது மும்மடங்காகத் திரும்பி வரும் என்றும் சொல்வார்கள். நான் அந்த பயத்துக்காகச் செய்கிறவள் இல்லை. எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எந்த நேரத்தில் வெடிக்கலாம் என்று லோகநாதன் வாட்ஸப் குழுவில் விதிமுறை போட்டார். யாரும் மதிக்கவில்லை. திலகமணி முறுக்கு கொடுத்தனுப்பினாள்.

அக்டோபர் 23, வியாழன்

அமாவாசை கழிந்து நிலா வளரத் தொடங்கிவிட்டது. வளர வேண்டிய காரியத்தை வளர்பிறையில்தான் தொடங்குவோம். லீவு போட்டேன்.

உள்ளங்கையளவு துணிப்பொம்மை. திலகமணி அவளே வெட்டித் தந்த மாம்பழக் கலர் ரவிக்கைத் துணி, அவளே சீப்பிலிருந்து எடுத்துத் தந்த முடி. புத்தகங்களில் சீமை மூலிகையெல்லாம் போட்டிருக்கும். நான் கற்பூரவல்லியும் துளசியும் வைத்து அடைத்தேன். தொண்டைக்கு எது கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? வாயைச் சிவப்பு நூலால் தைத்தேன். லேபில் இழுத்து இழுத்துப் பார்த்தும் கடைசிவரை அறாத நூல் அது.

வாய் கொஞ்சம் கோணிவிட்டது. நூலைப் பற்றி என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஊசி பிடிக்கத்தான் வராது.

உப்பு, தண்ணீர், ஊதுவத்தி, விளக்கு. தரையில் வட்டம் போட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தோம். என் கறுப்புப் பிடிக் கத்தியைப் பார்த்து அவள் மிரண்டாள். இது எதையும் வெட்டாத கத்தி, காற்றில் கோடு போட மட்டும்தான், தக்காளி நறுக்க அடுப்படியில் வேறு இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டாள். கொம்பு வைத்த சாமி படத்தைப் பார்த்து, பேயா என்றாள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோமே, அப்போது பயந்தாயா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு அவளும் ஒரு கும்பிடு போட்டாள்.

பொம்மையின் கழுத்தில் ஒரு கயிறு. அவள் தினமும் தண்ணீர் ஊற்றுகிற மண்ணில் அதைப் புதைத்து வைக்க வேண்டும், பௌர்ணமியன்று எடுத்துக் கடைசி முடிச்சைப் போட வேண்டும். முடிச்சு விழுந்தால்தான் காரியம் முழுசு. அதுவரை தாலி கட்டாத கல்யாணம் மாதிரிதான். தன் பால்கனிக் கற்றாழைத் தொட்டியில் வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்துப் போனாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

லோகநாதன் காப்பி கேட்டதற்கு, "நீங்களே போட்டுக்குங்க, கையில வேலையா இருக்கேன்" என்றாளாம்! படியேறி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். நான் கெத்தாகத் தலையாட்டினேன். உள்ளே எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அக்டோபர் 29, புதன்

ராத்திரி பெய்த மழையில் கற்றாழைத் தொட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியிருக்கிறது. லோகநாதன் கொத்துக்கரண்டியால் கிளறியிருக்கிறார்.

காலை எட்டு மணிக்கெல்லாம் குழுவில் படம் வந்துவிட்டது. சேறு வடிகிற என் பொம்மை. கீழே அவர் எழுதியிருந்தது: 'எங்கள் வீட்டில் செய்வினை வைக்கப்பட்டுள்ளது. என் மனைவியின் துணி. வாயைத் தைத்து வாய்க்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவள் ஒரு வாரமாகப் பழைய மாதிரி இல்லை.'

வாய்க்கட்டாம்! சிரிக்கிற வாய் அது. இந்த ஊரில் தைத்த வாய் என்றால் அடைத்த வாய் என்றுதான் படிப்பார்கள் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. சீமைப் புத்தகம் படித்துச் செய்தால் இப்படித்தான்.

மதியத்துக்குள் மெழுகுவத்தி, கத்தி, பௌர்ணமி என்று ஆளாளுக்குத் துப்புக் கொடுத்து, விரல் மூன்றாவது மாடியைக் காட்டிவிட்டது.

திலகமணி குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து போன் செய்தார். "ஞாயித்துக்கெழம சங்கத்து மீட்டிங்ல என்ன முடிவு பண்றாங்களோ அதுதானுங்க மேடம். எதுக்கும் வேற வீடு பாத்து வெச்சுக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. வீடு மாறுவது எனக்குப் பழக்கம். பீளமேட்டு வீட்டை நானாகத்தான் காலி செய்தேன். அதற்கு முன்னால் சிங்காநல்லூரிலும் அப்படித்தான். இங்கே வந்து மூன்று வருஷம் ஆகியும் அட்டைப்பெட்டிகளில் பாதியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். எவ்வளவு வசதி.

அக்டோபர் 31, வெள்ளி

எங்கள் வருஷக் கடைசி. செத்தவர்களுக்கு இடம் போட்டுச் சோறு வைக்கிற நாள். அம்மாவுக்கு எள்ளுருண்டையும் வடையும் வைத்தேன். அம்மா இருந்திருந்தால் வடையில் உப்புக் கம்மி என்றிருப்பாள்.

கீழே கதவு சாத்தியே இருக்கிறது. மூன்று நாளாகத் திலகமணியின் சத்தமே கேட்கவில்லை. திரும்பவும் தொண்டை அடைத்துக்கொண்டதா? பள்ளிக்கூடத்துக்கு என்ன சொன்னாள்? இறங்கிப்போய்க் கேட்கலாம். கேட்டால் 'எனக்காக வந்து பேசு' என்று பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும். அவள் பேச்சு அவளுடையது. தள்ள மாட்டேன்.

யார் மேல் மந்திரமோ அவர் பெயரை மெழுகுவத்தியில் கீறுவோம். புது மெழுகுவத்தி ஒன்றில் 'லோ' வரை ஊசியால் கீறினேன். மெழுகு மென்மையாக இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். சுரண்டிவிட்டேன்.

நவம்பர் 1, சனி

எனக்குப் புத்தாண்டு. யாரும் வாழ்த்தவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

ஒரு வரி விடாமல் எழுதி வைக்கப்போகிறேன்.

பத்தரைக்குக் கூட்டம். கீழ்த்தளத்தில் கார்களை வெளியே எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நல்ல பட்டுப்புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். துரத்தப்படுவது என்றாலும் நைட்டியோடு துரத்தப்பட எனக்கு விருப்பமில்லை. நான் உட்கார்ந்ததும் என் வரிசை காலியானது. கால் நீட்ட வசதி.

திலகமணி கடைசியில், பைக்குகள் நிற்கிற பக்கம், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

தலைவர் வெள்ளியங்கிரி ஐயா தொண்டையைச் செருமினார். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவசரமே படாத மனுஷன். அவர் பேசுவதற்குள் லோகநாதன் எழுந்துவிட்டார். போலீஸ்காரர் மாதிரி பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"மேடம், இது நீங்க செஞ்சதா?"

"ஆமா. நான்தான் செஞ்சேன்."

மறுப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள் போல.

"அப்ப நீங்க சூனியக்காரின்னு ஒத்துக்கறீங்க?"

"நான் விட்ச். உங்களுக்கு அதுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்னா அதையே வெச்சுக்குங்க. ஆனா யாருக்கும் கெடுதி செய்யறது எங்க வழி இல்ல. யாரையும் கேக்காம அவங்களுக்கு நல்லதுகூட நான் செய்ய மாட்டேன்."

"கேக்காம செய்ய மாட்டீங்கன்னா, யாரு கேட்டாங்க? பேரச் சொல்லுங்க!"

"வாக்குக் குடுத்திருக்கேன். சொல்ல முடியாது."

"கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பண்ணுகிறேன், கெடுதி இல்லை என்று அடிக்கிறேன், பேர் மட்டும் கேட்காதீர்கள் என்றேன். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

லோகநாதன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் குரல் உடைந்தது. அதை எழுதாவிட்டால் நான் நியாயமானவள் இல்லை. மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"என்ற சம்சாரத்துக்கு என்னமோ ஆயிருச்சுங்க. பதினாலு வருசமா ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல. இப்ப நீயே காப்பி போட்டுக்கோங்கறா. மூணு நாளா மொகத்தக் கூடப் பாக்கறதில்ல. இந்தம்மாவ இங்கிருந்து அனுப்பிச்சுருங்க, போதும்."

"கை தூக்கிறலாமா?" என்று யாரோ கேட்டார்கள். கைகள் ஒவ்வொன்றாக மேலே போக ஆரம்பித்தன. நான் எண்ணவில்லை. எதிரே தூணில் 'இங்கே துப்பாதீர்' என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். பீளமேட்டிலும் இப்படித்தான், யாரும் எழுந்திருக்கவில்லை.

பின்னால் நாற்காலி சிமென்ட் தரையில் கிறீச்சென்றது.

"கேட்டது நானுங்க."

மெல்லிய குரல்தான். ஆனாலும் எல்லாத் தலையும் திரும்பியது. லோகநாதன் திரும்பாமலே, பழக்கத்தில், "நீ உக்காரு" என்றார்.

"உக்கார மாட்டனுங்க."

அப்போதுதான் திரும்பினார்.

திலகமணி பைக் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "அந்தப் பொம்ம நானுங்க. துணிய நானே வெட்டிக் குடுத்தேன். முடிய நானே குடுத்தேன். தொட்டியில பொதச்சு வெச்சதும் நானு. எனக்குப் பேச்சு வரணும்னு அக்காகிட்டப் போயிக் கேட்டேன். அவங்க ஒரு காசு வாங்கல. உங்கள மாத்தித் தாங்கன்னுதான் மொதல்ல கேட்டனுங்க, அவங்கதான் மாட்டேன்னுட்டாங்க."

லோகநாதன் இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்! இவ இப்பிடிப் பேசறவளே இல்லீங்க! இது செய்வினை இல்லாம வேற என்னங்க?"

வெள்ளியங்கிரி ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏனுங் லோகு, வாய்க்கட்டுன்னீங்க. வாயக் கட்டுனா பேச்சு நிக்கோணுமல்ல? அம்மிணி பேச ஆரம்பிச்சுருச்சுன்னு இப்ப சொல்றீங்க. ரெண்டுல எதுங்க உங்க புகாரு?"

ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் அடக்கிக்கொள்ளவில்லை.

"அது கட்டுன வாயே இல்லீங்கய்யா" என்றாள் திலகமணி. "சிரிக்கற வாயி. அக்காவுக்குத் தைக்க வராது, அதான் அப்பிடி இருக்குது."

எண்பது பேர் முன்னால்! இதைச் சொல்லியே ஆக வேண்டுமா? ஆனால் என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததற்கு அது காரணமில்லை.

அவள் இன்னும் உட்காரவில்லை. "நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துல சேர்றேன். அத வீட்டுல சொல்ல வரலீங்க. அதனால இங்க சொல்றேன்." முன்னால் நடந்து வந்து கணவரிடம் கையை நீட்டினாள். "என்ற பொம்மையக் குடுங்க."

கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

மேலே போன கைகள் எப்போது கீழே வந்தன என்று நான் கவனிக்கவில்லை. தலைவர், "அடுத்து, தண்ணி மோட்டாரு" என்றார். நான் தலை நிமிர்ந்து லிஃப்ட் வரை நடந்து, கதவு மூடியபிறகு அழுதேன்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் பால்கனியிலிருந்து பார்த்தேன். மாம்பழக் கலர் புடவை, தோளில் பை. வேகமாக நடந்தாள். மில்லுக்கு நான் லேட்.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. ஊரெல்லாம் ஈஸ்வரன் கோயில்களில் அன்னாபிஷேகம். மாலையில் திலகமணி கோயில் சோறு ஒரு டப்பாவும் பொம்மையும் எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் பிள்ளைகள் இரைச்சல் போட்டதாகவும், மேசையைத் தட்டி ஒரு சத்தம் போட்டதும் கப்சிப் என்று ஆகிவிட்டதாகவும் சொன்னாள். லோகநாதன் சரியாகப் பேசுவதில்லையாம். ஆனால் காப்பி அவரே போட்டுக்கொள்கிறாராம், கேவலமாக இருக்கிறதாம்.

"எல்லாம் உங்க மந்திரங்க்கா" என்றாள்.

அப்படியே விட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாம்போல இருந்தது. ஆனால் அவளுக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துக்கொள்வதும் ஒரு கேடுதான்.

"திலகா, முடிச்சு இன்னும் போடல. பௌர்ணமி இன்னிக்குத்தான். நீ ஞாயித்துக்கெழம பேசினப்ப அந்த வேலை பாதியிலதான் நின்னுச்சு."

"அப்ப நான் பேசுனது?"

"அது நீ."

பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஊசி இருக்குங்களா?" என்றாள்.

கொடுத்தேன். என் தையலை முழுக்கப் பிரித்துவிட்டாள். அதே சிவப்பு நூலால், மேலுதடு தனி, கீழுதடு தனி என்று நெருக்கமாகத் தைத்து, நன்றாகத் திறந்த வாய் ஒன்றை வைத்தாள். யார் பார்த்தாலும் பேசுகிற வாய் என்றுதான் சொல்வார்கள். அழகாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிலா தென்னை உச்சிக்கு வந்ததும் கழுத்துக் கயிற்றில் கடைசி முடிச்சை அவளே போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டு வீட்டை நானாகக் காலி செய்யவில்லை. செய்ய வைத்தார்கள். அவளிடம் சொன்னேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவள் எழுந்துபோய், கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கீழ் பால்கனியிலிருந்து லோகநாதன் கூப்பிட்டார். "திலகா! எங்க போயித் தொலஞ்ச?"

அவள் கையில் என் பழைய குத்துவிளக்கு. அதோடு பால்கனிக்குப் போய், கம்பி மேல் சாய்ந்து, மூன்று பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சூனியக்காரி வீட்டுல இருக்கேன்! வேல முடிஞ்சதும் வர்றேன்!"

அந்த வார்த்தை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்னும் நான்கு பெட்டிகள் பாக்கி, நாளைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.